காதில் விழுகிற இண்டென்ட்

பார்வையில்லாதவர்களுக்குப் பைத்தான் நிரல்மொழி சரிப்படாது, அதில் எல்லாமே இடைவெளிக் கணக்கு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். என்னிடமும் சொன்னார்கள். இன்று எனக்குப் பைத்தானில் ரொம்பப் பிடித்ததே அந்த இடைவெளிதான்!

எல்லாம் என்விடிஏ செய்த மாயம். ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் 2006-இல் தொடங்கி, ஜேம்ஸ் தேயும் சேர்ந்து வளர்த்த, திரையில் இருப்பதை வாசித்துக் காட்டும் ஸ்கிரீன் ரீடர் இது. இருவருக்குமே பார்வை கிடையாது. காலணா கொடுக்க வேண்டாம், இறக்கிக்கொள்ளலாம்.

இதன் அமைப்புகளில், ஆவண வடிவமைப்புப் பகுதியில், வரியின் தொடக்கத்தில் விடும் இடைவெளியை, அதாவது இண்டென்ட்டைச் சொல்லும் வசதி இருக்கிறது. பேச்சாகக் கேட்கலாம், ஒலியாகக் கேட்கலாம், இரண்டுமாகவும் கேட்கலாம். ஒலியை வைத்துக் கேட்டுப் பாருங்கள்! வரி உள்ளே தள்ளத் தள்ள, ஆர்மோனியத்தில் கட்டை கட்டையாக ஏறுவதுபோல் சுருதி ஏறும். இண்டென்ட் மாறாத வரிகளில் சத்தமே போடாது. அந்த அடக்கம்தான் அழகு. இஃப்புக்குக் கீழே சுருதி ஏறவில்லையா? இண்டென்டேஷன் எரர் வரப்போகிறது என்று ஓட்டிப் பார்க்கும் முன்பே தெரிந்துவிடும். ஒன்று மட்டும் கவனியுங்கள்: ஒரு டேபுக்கும் நான்கு ஸ்பேசுக்கும் ஒலி ஒன்றுபோலவே ஏறும். டேபும் ஸ்பேசும் கலந்த கோடில் ஒலியை மட்டும் நம்பினால் மாட்டிக்கொள்வோம். அதனால் 'இரண்டும்' என்று வைத்துக்கொள்வதே நல்லது.

அடுத்தது நிறுத்தக்குறி. புதிதாக வருகிற எல்லோரும் தடுக்கி விழும் இடம் இது. என்விடிஏ வந்தபடியே இருந்தால் கோலன், அடைப்புக்குறி, மேற்கோள்குறி எதையும் வாய்விட்டுச் சொல்லாது. 'கோலன் எங்கே' என்று பைத்தான் கத்தும். வரியைக் கேட்டால் எல்லாம் சரியாக இருப்பதுபோலவே இருக்கும். இன்சர்ட்டோடு பி-யை அழுத்தி, எல்லாக் குறியையும் படிக்கும் நிலைக்கு மாற்றுங்கள். அதே நிலையில் செய்தி படித்தால் தலைவலிதான். அதற்கும் வழி வைத்திருக்கிறார்கள், புண்ணியவான்கள்: நிரல் எழுதும் விஎஸ் கோடுக்கென்று தனி ப்ரொஃபைல் போட்டால், அந்த ஜன்னலுக்குள் போனதும் தானாக மாறும், வெளியே வந்தால் பழையபடி ஆகிவிடும்.

என் உச்சபட்சக் குஷி நம்பேட் 2-இல் இருக்கிறது. ஒருமுறை அழுத்தினால் எழுத்து, இருமுறை அழுத்தினால் அதன் விளக்கம், மும்முறை அழுத்தினால் அதன் எண். இணையத்திலிருந்து கோடு எடுத்து ஒட்டிய நண்பர் ஒருவர், நல்ல பார்வை உள்ளவர், திரையை முறைத்துக்கொண்டே இருந்தார். "சார், இந்த வரியில ஒண்ணுமே தப்பு இல்லையே!" கர்சரை அந்த இடைவெளியில் நிறுத்தி மூன்று தட்டு தட்டினேன். 160 என்றது. சாதாரண ஸ்பேசுக்கு 32 வரவேண்டும். வலைப்பக்கங்களில் வரி உடையாமலிருக்கப் போடும் வேறு ரக ஸ்பேஸ் அது. பைத்தானுக்கு அது ஆகாது. கண்ணுக்கு இரண்டும் வெறும் வெற்றிடம். எனக்கோ பெயரும் நம்பருமாக வந்து நிற்கிறது!

பைத்தான்காரர்களுக்கும் ஒரு கும்பிடு. முன்பெல்லாம் அடைப்புக்குறியை மூட மறந்தால் எங்கோ கீழ்வரியில் தப்பு என்று சொல்லிவிட்டு, கூர்முனைக் குறி ஒன்றால் இடத்தைக் காட்டும். எங்கள் காதுக்கு அது வெறும் 'கேரட்'. 2021-இல் வந்த 3.10 பதிப்பிலிருந்து, இன்ன வரியில் திறந்த அடைப்புக்குறி மூடப்படவில்லை என்று வார்த்தையிலேயே சொல்கிறது. பெயரைத் தப்பாக அடித்தால் 'இதுவா சொல்ல வந்தீர்கள்?' என்று கேட்கிறது. பிழை வந்ததும் பைத்தான் கொட்டும் நீளமான டிரேஸ்பேக்கை மேலிருந்து கேட்டு மாய வேண்டாம். ஷிஃப்ட்டோடு நம்பேட் 9 அடித்துக் கடைசிக்குப் போய், நம்பேட் 7-ஆல் ஒவ்வொரு வரியாக ஏறுங்கள். சங்கதி அடியில்தான் இருக்கும். விஎஸ் கோடில் எஃப் 8 போதும், பிழைக்கே கூட்டிப்போய்ப் படித்துக் காட்டும்.

இதையெல்லாம்விட ஒரு விஷயம். என்விடிஏவே பெரும்பாலும் பைத்தானில் எழுதியதுதான்! இன்சர்ட், கன்ட்ரோல், இசட் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் அதன் வயிற்றுக்குள் ஒரு பைத்தான் கன்சோல் திறக்கும். டோன்ஸ் என்ற மாட்யூலை இம்போர்ட் செய்து, அதன் பீப் ஃபங்ஷனுக்கு 440, 500 என்று இரண்டு எண் கொடுங்கள். அரை விநாடிக்கு ஒரு சுருதி வரும். எண்களை மாற்றி மாற்றி அடித்து, ஒரு ஃபார் லூப்பும் போட்டுப் பாருங்கள். நான் இப்போது அதில்தான் சரளி வரிசை வாசித்துக்கொண்டிருக்கிறேன்.