உறவுச்சொல்லும் உருமாற்றமும்: ‘சாஹேப் பீபி கோலாம்’ நாவலும் அதன் இந்தித் திரைவடிவமும்

1. முன்னுரை

நிலக்கிழார் குடிகளின் வீழ்ச்சியைப் பொருளாகக் கொண்ட நாவல்கள் ஆங்கிலேயராட்சிக்கு உட்பட்டிருந்த நாடுகள் சிலவற்றில் தோன்றியுள்ளன. அயர்லாந்தில் குடியேறிய ஆங்கிலேய வழியினரான நிலக்கிழார்களின் இறுதிக் காலத்தை எலிசபெத் போவன் ‘த லாஸ்ட் செப்டம்பர்’ (1929) என்னும் நாவலில் சித்திரித்தார். டெபோரா வார்னர் 1999இல் அதனைத் திரைப்படமாக்கினார். அங்கு ஊடகம் மாறியது, மொழி மாறவில்லை. வங்காளத்தில் பிமல் மித்ரா எழுதிய ‘சாஹேப் பீபி கோலாம்’ (1953) என்னும் நாவல் ‘சாஹிப் பீபி அவுர் குலாம்’ (1962) என இந்தியில் திரைப்படமானபோது ஊடகம், மொழி ஆகிய இரண்டும் ஒருங்கே மாறின. அம்மாற்றத்தில் ஓர் உறவுச்சொல்லுக்கு நேர்ந்ததனையும், அதனால் கதையின் அமைப்பு அடைந்த மாற்றத்தினையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

2. நாவலும் படமும்

1793இல் காரன்வாலிஸ் நடைமுறைப்படுத்திய நிலையான நிலவரித் திட்டம் வங்காள ஜமீன்தார்களின் உரிமையை உறுதிப்படுத்தியது. மேற்கு வங்கத்தில் அவ்வுரிமையை முடிவுக்குக் கொண்டுவந்த சட்டம் 1953ஆம் ஆண்டுக்குரியது. நாவல் வெளிவந்ததும் அதே ஆண்டில்தான். எனவே கல்கத்தாவின் சௌதுரி மாளிகையைப் பற்றிய இக்கதையை முதலில் படித்தோர், தம் கண்முன் முடிந்துகொண்டிருந்த ஓர் அமைப்பின் வரலாறாகவே இதனைப் படித்திருத்தல் வேண்டும்.

கிராமத்திலிருந்து வரும் பூத்நாத் என்னும் இளைஞன் உறவினர் ஒருவரின் துணையால் அம்மாளிகையில் தங்குகிறான். கணவனின் அன்பைப் பெற இயலாத இளைய மருமகள் அவனிடம் ‘மோகினி சிந்தூரம்’ வாங்கிவரப் பணிக்கிறாள். பின்னர்க் கணவனை வீட்டில் நிறுத்தும்பொருட்டுத் தானும் மது அருந்தத் தொடங்குகிறாள். குரு தத் தயாரிக்க, அப்ரார் ஆல்வி இயக்கிய இந்திப் படத்தில் இப்பாத்திரத்தை மீனா குமாரி ஏற்றார். கார்த்திக் சட்டோபாத்யாய் இயக்கிய வங்காளப் படம் ஒன்றும் 1956இல் வெளிவந்தது. அதில் மொழி மாறாமையின், ஒப்பீட்டிற்கு இந்திப் படமே இங்குக் கொள்ளப்படுகிறது.

3. தலைப்பு

வங்காளச் சீட்டாட்டத்தில் சாஹேப், பீபி, கோலாம் என்பன முறையே ராஜா, ராணி, ஜாக்கி ஆகிய சீட்டுகளின் பெயர்கள். தலைப்பில் இணைப்புச்சொல் இல்லை. சீட்டுக்கட்டின் வரிசை அவ்வாறே நிற்கிறது. இந்தித் தலைப்பில் ‘அவுர்’ என்னும் இணைப்புச்சொல் நுழைகிறது. இந்தியில் ராஜாச் சீட்டுக்குப் ‘பாத்ஷா’ என்பதே பெருவழக்கு. ஆதலின் சீட்டுக்கட்டு மங்கி, மூன்று மனிதர்கள் முன்னிற்கின்றனர். தமிழில் ‘ராஜா ராணி ஜாக்கி’ என்றால் சீட்டு நிற்கும், அடிமை மறைவான். ‘துரை, துரைசாணி, அடிமை’ என்றால் மனிதர் நிற்பர், ஆட்டம் மறையும். இரண்டனுள் எதனை இழப்பது என்பதை மொழிபெயர்ப்பாளர் முன்னரே முடிவு செய்தாக வேண்டும்.

4. ‘பௌட்டா’னும் ‘பஹூ’வும்

நாவலில் அப்பெண் ‘பட்டேஸ்வரி பௌட்டான்’ என வழங்கப்படுகிறாள். படத்தில் அவள் ‘சோட்டி பஹூ’. வங்காளப் ‘பௌ’, இந்திப் ‘பஹூ’ ஆகிய இரண்டும் ‘வதூ’ என்னும் வடசொல்லிலிருந்து பிறந்தவை. வேறுபாடு வேரில் இல்லை, ஒட்டில் உள்ளது. ‘பௌட்டாகுராணி’ என்பதன் மரூஉவே பௌட்டான். அண்ணன் மனைவியை இளையவன் விளிக்கும் இச்சொல்லில் உறவும் மதிப்பும் ஒருங்கே அமைந்துள்ளன. தம் அண்ணன் ஜோதிரிந்திரநாத்தின் மனைவி காதம்பரி தேவியைத் தாகூர் ‘நதூன் பௌட்டான்’ என்றே அழைத்தார். வங்காள வாசகர்க்கு இச்சொல் தரும் அணுக்கம் இதனால் விளங்கும். தமிழில் ‘அண்ணியார்’ என்பது இதற்குப் பெரிதும் பொருந்தும். ‘ஆர்’ விகுதி டாகுராணியின் பணியைச் செய்கிறது.

பஹூ என்பதோ மாமியார் வீட்டின் பார்வையில் அமைந்த சொல். பௌட்டான் என்னும் விளி, குருதியுறவு இல்லாத பூத்நாத்துக்கு மைத்துனன் என்னும் இடத்தை அளிக்கிறது. பஹூ என்பது அவனுக்கு எவ்விடத்தையும் அளிப்பதில்லை. இந்தியில் ‘பாபி’ என்னும் நேரிய சொல் இருந்தும் படம் அதனை நாடவில்லை. இதனால் நாவலில் உறவினன்போல் நிற்பவன் படத்தில் பெரிதும் பார்வையாளனாகிறான்.

இந்த இழப்பைப் படம் இருவழிகளில் ஈடுசெய்கிறது. ஒன்று, ஒளிப்பதிவு. முதற்சந்திப்பில் தலைகுனிந்து நிற்கும் பூத்நாத்தின் கண்வழியே அவள் பாதங்களையே வி. கே. மூர்த்தியின் காமிரா முதலில் காட்டுகிறது. முகம் பின்னரே தெரிகிறது. விளிச்சொல் காட்டவேண்டிய மதிப்பையும் தயக்கத்தையும் காட்சி காட்டிவிடுகிறது. மற்றொன்று, அச்சொல்லையே கதையின் அச்சாக்கியமை. மதுமயக்கத்தில் அவள் கணவனை நோக்கி, இந்துக் குடும்பத்து மருமகளாயிருந்தும் மது அருந்தியவள் வேறெவள் என்னும் பொருள்பட வினவுமிடத்தில் ‘பஹூ’ என்னும் சொல் முழு வலிமையுடன் ஒலிக்கிறது. ‘அண்ணி’ என்னும் பொருளுடைய சொல் அங்கு நில்லாது. ஆயினும் ஈடு முழுமையானதன்று. நாவலில் ஒரு வகுப்பின் வீழ்ச்சியாக விரிவது, படத்தில் ஒரு குடும்பத்தின் துயரமாகச் சுருங்குகிறது. வகுப்பின் வீழ்ச்சியை நினைவூட்டும் பொறுப்பு, ஹரீந்திரநாத் சட்டோபாத்யாய் நடித்த கடிகாரப் பித்தர் போன்ற சிறு பாத்திரங்களிடமும் இடிபடும் மாளிகையின் காட்சியிடமும் விடப்பட்டுள்ளது.

5. அந்தமான் தரும் சான்று

வங்காளம், இந்தி, தமிழ் ஆகிய மும்மொழியும் அன்றாடம் சந்திக்கும் இடம் அந்தமான் நிக்கோபார்த் தீவுகள். 1949 முதல் கிழக்கு வங்க அகதிகள் அங்குக் குடியமர்த்தப்பட்டனர். 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து திரும்பிய தமிழர் சிலர் கச்சால் தீவின் ரப்பர்த் தோட்டத்தில் குடியேறினர். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படித் தாய்மொழிகளுள் வங்காளம் முதலிடத்தையும், இந்தி இரண்டாமிடத்தையும், தமிழ் மூன்றாமிடத்தையும் பெறுகின்றன. பொதுமொழி இந்தி. தமிழரும் வங்காளியரும் ஒருவர் வீட்டு உறவுகளை மற்றவர்க்கு இந்திச் சொற்களாலேயே விளக்க வேண்டியுள்ளது. இந்நாவல் திரையில் மேற்கொண்ட பயணத்தை அத்தீவுகளின் பேச்சு நாள்தோறும் மேற்கொள்கிறது எனலாம். மைத்துனன், நாத்தனார், ஓரகத்தி என ஒவ்வோர் உறவுக்கும் தனிச்சொல் உடைய மொழிகள் பொதுமொழி ஒன்றின்வழிப் பேசும்போது முதலில் மழுங்குவது யார் யாரை எங்கிருந்து அழைக்கின்றார் என்பதே.

6. முடிவுரை

வங்காள நாவல்களை மூலத்திலிருந்தே தமிழாக்கும் மரபைத் த. நா. குமாரஸ்வாமி, த. நா. சேனாபதி, சு. கிருஷ்ணமூர்த்தி முதலியோர் வளர்த்தனர். அம்மரபின் தேவையை இவ்வொரு சொல்லே மெய்ப்பிக்கிறது. இந்திவழித் தமிழாக்குவோர் ‘சின்ன மருமகள்’ என்றெழுதுவர். அது படத்திற்கு உரியது, பிழையுமன்று. மூலத்திலிருந்து தமிழாக்குவோர் ‘அண்ணியார்’ என்றெழுதுவர். முன்னையதில் அவளை அழைப்பது வீடு. பின்னையதில் அழைப்பவன் பூத்நாத். வீடு இடிந்த பின்னரும் அழைக்க எஞ்சியிருப்பவன் அவனே. ஆகவே நாவலைத் தமிழாக்குவோர் முதலில் காக்க வேண்டிய சொல் அவனுடையதேயாகும்.