வயிறும் இதயமும்: உணவுத் தொழிலாளர் பற்றிய எழுத்துக்கள் குறித்து ஒரு நோக்கு

அமெரிக்க எழுத்தாளர் அப்டன் சிங்கிளேயரின் ‘த ஜங்கிள்’ என்னும் நாவல் 1906 ஆம் ஆண்டு நூலுருப் பெற்றது. சிக்காகோ நகர இறைச்சித் தொழிற்சாலைகளைச் சூழ்ந்த பகுதியில் 1904 இல் ஏழு வாரங்கள் தங்கித் திரட்டிய செய்திகளே அதன் அடித்தளம். லித்துவேனியாவிலிருந்து பிழைப்புத் தேடி வந்த யூர்கிஸ் என்பான் அத்தொழிலில் நசிந்து போவதே கதை. நூல் வெளிவந்த அதே ஆண்டு யூன் 30 ஆம் நாள் தூய உணவு, மருந்துச் சட்டமும் இறைச்சிப் பரிசோதனைச் சட்டமும் நிறைவேறின. ஒரு நாவல் இத்துணை விரைவாகச் சட்டத்தைத் தூண்டியமை அரிய நிகழ்ச்சியே. ஆயின், யூர்கிஸ் போன்றோரின் கூலிக்கோ வேலைநேரத்துக்கோ அச்சட்டங்கள் எப்பாதுகாப்பையும் அளிக்கவில்லை. தாம் மக்களின் இதயத்தைக் குறிவைத்ததாகவும் தற்செயலாக வயிற்றைத் தாக்கிவிட்டதாகவும் ஆசிரியர் பின்னர் வருந்தியமை பலரும் அறிந்ததே.

இவ்வருத்தத்தை ஆசிரியரின் தற்கூற்று என்று விட்டுவிடாது, அதன் காரணத்தை ஆராய்தல் திறனாய்வாளர் கடனாகும். கொழுப்புக் கொப்பரையில் தவறி விழுந்த தொழிலாளர் பற்றிய பகுதி நாவலில் உண்டு. ஆசிரியர் அதனை ஒரு மனிதனின் சாவாக எழுதினார். வாசகரோ தம் உணவில் கலந்த மாசாக வாசித்தனர். கணுக்கால் பிசகிய யூர்கிஸ் கூலியின்றி வீட்டிற் கிடந்த நாள்கள் அவர்தம் உறக்கத்தைக் கெடுக்கவில்லை. உண்போனும் உழைப்போனும் ஒரே பொருளின் இரு முனைகளில் நிற்பினும், உண்போனின் அச்சம் தன்னளவிலேயே நின்றுவிடுகின்றது. இதுவே நாம் இங்கு வலியுறுத்த விரும்பும் கருத்து.

தமிழிலக்கியம் இதற்கு மறுதலையான சான்றொன்றைத் தருகின்றது. புதுமைப்பித்தனின் ‘துன்பக்கேணி’ திருநெல்வேலிச் சீமைப் பெண் மருதி இலங்கைத் தேயிலைத் தோட்டத்திற் சீரழிவதைக் கூறுகின்றது. தோட்ட மருத்துவராகப் பணியாற்றிய பி. எச். டேனியல் ஆங்கிலத்தில் எழுதி 1969 இல் வெளியிட்ட ‘ரெட் டீ’, ஆனைமலைத் தோட்டங்களில் முன்பணக் கடனாலும் மலேரியாவாலும் மாண்டோரின் வரலாறாகும். இவ்விரண்டிலும் துன்பத்துக்குக் குறைவில்லை. ஆயின் தேநீர்க் கோப்பையில் நஞ்சில்லை. தொழிலாளி எவ்வளவு வதைபட்டாலும் அருந்துவோனுக்குத் தேயிலை தூய்மையாகவே வந்து சேர்ந்தது. எனவே இவ்வெழுத்துக்கள் வாசகரின் வயிற்றைத் துணைக்கழைக்க இயலாது, இதயத்தை மட்டுமே நம்பி நின்றன. இதயத்தின் வழியோ நெடியது. இந்தியாவில் தோட்டத் தொழிலாளர் சட்டம் 1951 இல் வந்தபின்னரே டேனியலின் நாவல் வெளிவந்தது, இரா. முருகவேளின் மொழிபெயர்ப்பில் ‘எரியும் பனிக்காடு’ எனத் தமிழுக்கு அது வந்தது 2007 இல். சட்டம் பிறக்க அது உதவவில்லை எனினும், சட்டம் கணக்கிடாத சாவுகளை நினைவில் நிறுத்தியது. அவ்வகையில் அதன் பணி ‘த ஜங்கிள்’ நாவலின் பணியினும் தாழ்ந்ததன்று.

இது பழங்கதை எனக் கருதுவோர் 2020 ஆம் ஆண்டு ஒக்ரோபரிற் கொழும்புக்கு அருகே நிகழ்ந்ததை நினைவுகூரலாம். பேலியகொடை மத்திய மீன் சந்தையிற் கொரோனாத் தொற்றுப் பரவவே சந்தை மூடப்பட்டது. நோயுற்றோர் அங்கு நெருங்கி நின்று உழைத்த மனிதர். ஆயின் ஊரார் எழுப்பிய வினா மீனை உண்ணலாமா என்பதே. மீன் விற்பனை வீழ்ந்தது. நவம்பரில் முன்னாள் மீன்பிடித்துறை இராஜாங்க அமைச்சர் திலிப் வெதஆராச்சி செய்தியாளர் முன் பச்சை மீனைக் கடித்துக் காட்டி அச்சத்தைப் போக்க முயன்றார். சந்தைத் தொழிலாளருக்காக அத்தகைய காட்சி எதனையும் எவரும் நடத்தவில்லை.

நமது சட்டங்களும் இப்பிளவைப் பிரதிபலிக்கின்றன. கிருலப்பனையில் ஹைலெவல் வீதியோரத்துச் சாப்பாட்டுக்கடை ஒன்றினை எடுத்துக்கொள்வோம். அங்குள்ள சோற்றுக்கு 1980 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க உணவுச் சட்டம் காவல். அதன்படி வருபவர் பொதுச் சுகாதாரப் பரிசோதகர். அச்சோற்றை வடிப்பவனுக்கு 1954 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கக் கடை, அலுவலக ஊழியர் சட்டம் காவல்; நாளொன்றுக்கு எட்டு மணி, வாரத்துக்கு நாற்பத்தைந்து மணி என அது வேலைநேரத்தை வரையறுக்கின்றது. அதனை நடைமுறைப்படுத்த வேண்டிய தொழிற் திணைக்களத்தின் தலைமையகம் அண்டையிலுள்ள நாரஹேன்பிட்டியிலேயே உளது. முன்னவர் பாத்திரத்தைப் பார்ப்பார், பின்னவர் பதிவேட்டைப் பார்ப்பார். விடியுமுன் அடுப்பு மூட்டி, இரவு கடைசிக் கொத்துரொட்டி விற்கும்வரை நிற்கும் மலையகத்து இளைஞனை முழு மனிதனாகப் பார்ப்பவர் எவர்? காய்ச்சலென்று ஒருநாள் படுத்தாற் கூலி போய்விடும் என்று அஞ்சுபவன் காய்ச்சலோடுதான் சோறு பரிமாறுவான். ஆதலின் இரு காவல்களும் உண்மையில் ஒன்றே என்பதை எடுத்துக்காட்டப் புள்ளிவிவரம் வேண்டுவதில்லை.

தோட்டத்தைப் பாடிய ஈழத்து எழுத்து, அத்தோட்டத்தின் பிள்ளைகள் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் கிருலப்பனையிலும் அடுப்படியில் நிற்பதைப் போதியளவு எழுதவில்லை என்பதே நமது குறை. எழுதப் புகுவோர் சிங்கிளேயரின் அனுபவத்தை மனங்கொள்ளுதல் நன்று. அருவருப்பை எழுப்புதல் எளிது. வாசகன் கடையை மாற்றிக்கொள்வதோடு அது முடிந்துவிடும். இலையில் விழுந்த சோற்றை மட்டுமன்றி, அதனை இட்ட கையையும் நிமிர்ந்து நோக்கவைப்பதே அரிது. அவ்வரிய பணியே நம் எழுத்தாளரை எதிர்நோக்கி நிற்கின்றது.