எழுத்தும் குறியெண்ணும்: பைத்தான் வழிப் பனுவலாய்வும் சிறுபாணாற்றுப்படையும்

ஆய்வுச்சுருக்கம்

பைத்தான் நிரல்மொழி தமிழாய்வில் சொற்களை எண்ணவும் தேடவும் வரிசைப்படுத்தவும் பயன்படுகிறது. அம்மொழி ‘எழுத்து’ எனக் கொள்வதும் தமிழ் இலக்கணம் எழுத்து எனக் கொள்வதும் ஒன்றல்ல. இவ்வேறுபாடு ஆய்வு முடிவுகளை எவ்வாறு பாதிக்கிறது என்பதைச் சிறுபாணாற்றுப்படையைச் சான்றாகக் கொண்டு இக்கட்டுரை மதிப்பிடுகிறது.

திறவுச்சொற்கள்: பைத்தான், ஒருங்குறி, எழுத்து, சிறுபாணாற்றுப்படை, இடைக்கழிநாடு.

முன்னுரை

செங்கல்பட்டு மாவட்டம் செய்யூர் வட்டத்தில் கடலையும் கழியையும் ஒட்டி அமைந்த பகுதி இடைக்கழிநாடு. சிறுபாணாற்றுப்படையை இயற்றியவர் இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார் என்றே குறிக்கப்படுகிறார். ஓய்மானாட்டு நல்லியக்கோடனைப் பாடும் இந்நூல் 269 அடிகளை உடையது. உ.வே.சாமிநாதையர் 1889இல் பத்துப்பாட்டை நச்சினார்க்கினியர் உரையுடன் பதிப்பித்தார். 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் வழி இந்நூல் மின்பனுவலாகவும் கிடைக்கிறது. எனவே, சில வரி நிரல் எழுதத் தெரிந்த எவரும் நொடிப்பொழுதில் இதனை எண்ணவும் தேடவும் இயலும். கிடைக்கும் விடையை எந்த அளவிற்கு நம்பலாம் என்பதே ஆராயத்தக்கது.

எழுத்தை எண்ணுதல்

கைடோ வான் ராசம் உருவாக்கிய பைத்தான் 1991இல் வெளிவந்தது. 2008இல் வெளியான மூன்றாம் பதிப்பு ஒருங்குறிச் சரத்தை இயல்பான சரமாக ஏற்றது. ‘தமிழ்’ என்னும் சொல்லின் நீளத்தைக் கேட்டால் இப்பதிப்பு 5 என விடை தரும். யுடிஎஃப்-8 முறையில் பைட்டுகளாக எண்ணினால் விடை 15. இலக்கணப்படி எழுத்துகள் மூன்றே. ‘செய்யூர்’ என்பது நிரலுக்கு 8, தமிழுக்கு 4. ‘நத்தத்தனார்’ என்பது நிரலுக்கு 11, தமிழுக்கு 7.

இவ்வேறுபாட்டை ஒரு மாறா எண்ணால் வகுத்துச் சரிசெய்ய இயலாது. தமிழ் ஒருங்குறி அட்டவணை, இந்திய மொழிகளுக்கென வகுக்கப்பட்ட இஸ்கி குறியேற்றத்தின் அமைப்பைப் பின்பற்றியது. அதில் அகரம் ஏறிய மெய்யே அடிப்படை அலகு. புள்ளியும் பிற உயிர்க்குறிகளும் அதனுடன் சேர்க்கப்படுவன. தொல்காப்பிய மரபில் மெய்யே அடிப்படை. உயிர் அதன்மேல் ஏறுகிறது. எனவே ஒரு மாத்திரை பெறும் ‘க’ ஒரு குறியெண்ணில் அடங்க, அரை மாத்திரை பெறும் ‘க்’ இரு குறியெண்களைக் கொள்கிறது. ஒலியளவு குறையக் குறியளவு மிகும் இந்நிலையில், குறியெண் எண்ணிக்கையைக் கொண்டு அடியின் நீளத்தையோ ஓசையையோ மதிப்பிடுதல் பொருந்தாது.

உள்ளீட்டிலும் சிக்கல் உண்டு. ‘கொ’ என்பதிலுள்ள உயிர்க்குறியை ஒரே குறியெண்ணாகவும் இரண்டாகவும் உள்ளிடலாம். ஒருங்குறியின் இயல்பாக்க முறை இவ்விரண்டையும் ஒன்றாக்கிவிடும். ஆனால் ‘ஔவை’ என்பதை ஒகரமும் ளகரமும் இட்டு ‘ஒளவை’ எனத் தட்டச்சிட்டிருந்தால், அப்பிழையை இயல்பாக்கம் களையாது. கண்ணுக்கு ஒன்றாகத் தோன்றும் இரு வடிவங்கள் நிரலுக்கு இரு வேறு சொற்களாகும்.

அகரவரிசை

சொல்லடைவு தொகுப்போர் பைத்தானின் வரிசையாக்கத்தை அப்படியே ஏற்பதும் பிழைக்கு இடந்தரும். ஒருங்குறியில் னகரம் நகரத்தை அடுத்தும், றகரம் ரகரத்தை அடுத்தும், ழகரம் வகரத்திற்கு முன்னும் வைக்கப்பட்டுள்ளன. இதனால் ‘பவளம்’ என்பதற்கு முன் ‘பழம்’ வந்து நிற்கும். தமிழ் நெடுங்கணக்கின் வரிசையை நிரலில் தனியே வரையறுத்தாலன்றி இக்குறை நீங்காது.

தேடலும் இன்மையும்

மிகவும் கவனத்திற்குரியது தேடல். பாணன் செல்லும் வழியில் நெய்தல் நிலத்து எயிற்பட்டினம், முல்லை நிலத்து வேலூர், மருத நிலத்து ஆமூர் ஆகியன அமைகின்றன. வேலூரும் ஆமூரும் பாட்டில் பெயராலேயே சுட்டப்படுகின்றன. எயிற்பட்டினத்தையோ புலவர் மதிலின் பெயரைப் பெற்ற பட்டினம் எனக் குறிப்பால் உணர்த்துகிறார். ஆகவே ‘எயிற்பட்டினம்’ என்று மூலத்தில் தேடினால் விடை சுழியம்.

‘எயில்’ என்று தேடினாலும் பட்டினம் அகப்படாது. சோழனோடு தொடர்புடைய தூங்கெயில் இப்பாட்டில் இடம்பெறுகிறது. சீர் பிரித்த பதிப்பில் ‘எயில்’ என்னும் தேடல் அதனைக் காட்டும். புணர்ச்சி பிரிக்காத பதிப்பில் எகரம் ககர மெய்யோடு கூடி ‘கெ’ ஆகிவிடுவதால் அதுவும் அகப்படாது. பதிப்பு மாறினால் எண்ணிக்கையும் மாறும் என்பதற்கு இது தக்க சான்று.

இச்சுழியத்தைக் கொண்டு, இக்கடற்கரைப் பட்டினத்தைச் சிறுபாணாற்றுப்படை அறியவில்லை என ஒருவர் எழுதினால், அது வட்டார வரலாற்றையே பிழைபடுத்தும். ஒரு சரம் இல்லை என்பது ஒரு பொருள் இல்லை என்பதற்குச் சான்றாகாது. உரையுடன் மூலத்தைக் கற்றவருக்கு இது வெளிப்படை. நிரலின் விடையை மட்டும் பார்ப்பவருக்கு அவ்வாய்ப்பு இல்லை.

தீர்வுகளும் பயிற்சியும்

முத்தையா அண்ணாமலையும் பிறரும் உருவாக்கிய ஓப்பன்-தமிழ் என்னும் பைத்தான் நிரலகம், சரத்தைத் தமிழ் எழுத்துகளாகப் பகுத்துத் தருகிறது. எண்ணிக்கைச் சிக்கலுக்கு இது தக்க தீர்வு. புணர்ச்சியும் குறிப்புப்பொருளும் அதன் எல்லைக்கு அப்பாற்பட்டவை.

அவரே 2009ஆம் ஆண்டுக் கட்டுரையில் அறிமுகப்படுத்திய ‘எழில்’, பைத்தானின் மேல் அமைந்த தமிழ் நிரல்மொழி. அதில் நிபந்தனைக்குப் பின் ‘ஆனால்’ வருவது தமிழ்த் தொடரமைப்புக்கு இயைந்தது. ‘பதிப்பி’ என்னும் ஏவல் செயப்படுபொருளுக்கு முன் நிற்பது ஆங்கில அமைப்பின் எச்சம். எனினும், பைத்தானின் ஆங்கிலக் குறிச்சொற்கள் சிலவே; அவற்றை விரைவில் கற்கலாம். தமிழ் மாணவருக்கு உண்மைத் தடை, எழுத்து எது, சொல் எது என்பதை நிரலுக்கு வரையறுத்துக் கூறுவதிலேயே உள்ளது.

அத்தடையைக் கடக்கும் கருவி இலக்கணப் பயிற்சியே. ‘நாடு’, ‘பசு’ ஆகியவற்றின் ஈற்று உகரம் கணினிக்கு ஒன்றே. தனிக்குறிலை அடுத்து வராது, சொல்லிறுதியில் வல்லின மெய்யை ஊர்ந்து வரும் உகரமே குற்றியலுகரம் என்பதை அறிந்தவர், அவ்விதியை நிபந்தனையாக எழுதி இரண்டையும் பிரித்துவிடலாம். நூற்பாவைப் படிநிலைகளாகப் பகுக்கும் இம்முயற்சியே தமிழ்த்துறைகளில் பைத்தான் கற்பித்தலின் தொடக்கமாதல் வேண்டும்.

முடிவுரை

பைத்தான் தரும் எண்ணிக்கை, அலகு, பதிப்பு, இயல்பாக்கம், தேடுசொல் ஆகிய நான்கையும் சார்ந்தது. இவற்றைக் குறிப்பிடாத எண்ணைப் பிறர் சரிபார்க்க இயலாது. சரிபார்க்க இயலாதது ஆய்வுச் சான்றாகாது. எனவே ஆய்வேடுகளில் எண்ணிக்கையுடன் இந்நான்கும் நிரலும் இணைக்கப்பெறல் வேண்டும். சுழிய விடை கிடைக்கும் இடத்தில் மூலத்தையும் உரையையும் மீண்டும் கற்பது கட்டாயமாகும். நத்தத்தனார் பெயர் கூறாது சுட்டிய பட்டினத்தை நச்சினார்க்கினியர் உரையே அடையாளம் காட்டுகிறது. அவ்வுரையைக் கற்றவர் கையில்தான் நிரல் பயன்தரும்.