மரச்சட்டத்தில் ஓடும் ரம்பம்

கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையை இன்றும் பிட் ஸ்திரீட் என்றே சொல்லும் பெரியவர்கள் பினாங்கில் உண்டு. அங்கே நகைக்கடை, காசு மாற்றும் கடை என்று அஞ்சடி நடைபாதையோடு நடந்துபோகிறவர்கள், ஒருமுறை தெருவில் இறங்கி நின்று பழைய கடைவீடுகளின் மாடியை நிமிர்ந்து பார்க்க வேண்டும். சன்னலுக்கு மேலே வளைந்து நிற்கும் மரச்சட்டம் என் கண்ணை விடாது. மரத்தை நேராக அறுக்கப் பழகிவிடலாம். கோடு பிசகாமல் வளைத்து அறுப்பதில்தான் தச்சனின் கை தெரியும்.

காதிர் முகைதீன் 1801இல் இந்தச் சாலைக்குப் பெயர் தந்த பள்ளிவாசலை நிறுவியபோது, வளைவு வேண்டுமென்றால் குறுகிய அலகு பூட்டிய கைரம்பம்தான். முனையில்லாத எஃகுப் பட்டையை இரண்டு சக்கரங்களில் ஓட்டி அறுக்கும் பட்டை ரம்பத்துக்கு லண்டனில் வில்லியம் நியூபெரி காப்புரிமை வாங்கியது 1809இல். யோசனை அருமை. ஆனால் பட்டையின் இரு முனைகளையும் சேர்த்த இடம் தாங்கவில்லை. 1846இல் பிரான்சில் ஆன் பாலின் கிரெப்பான் என்ற பெண்மணி அந்த இணைப்புக்கு வழி கண்டபிறகே இந்த ரம்பம் பட்டறைக்குள் வந்தது.

இப்போது இதை வார்ப்பிரும்பிலும் எஃகுத் தகட்டிலும் செய்து விற்கிறார்கள். கனடாவின் மத்தியாஸ் வாண்டல், ஒருகாலத்தில் பிளாக்பெரி நிறுவனத்தில் வேலைபார்த்த பொறியாளர், அதையே மரத்தில் செய்தார். சட்டம் மரம், சக்கரம் பிளைவுட், மேசையைச் சாய்க்கும் பிறைவடிவத் தாங்கியும் மரம். அவருடைய வரைபடத்தை வைத்துப் பல நாடுகளில் வீட்டுப் பட்டறைக்காரர்கள் தங்களுக்கு ஒன்று செய்துகொண்டிருக்கிறார்கள்.

மரம் தாங்குமா என்றுதான் எவரும் முதலில் கேட்பார்கள். அரை அங்குலப் பட்டையைச் சரியாக இழுத்துப் பிடித்தால், இரண்டு சக்கரங்களும் ஒன்றையொன்று நூறு கிலோவுக்கு மேற்பட்ட விசையோடு இழுக்கும். அந்த இழுப்பு சட்டத்தை வளைக்கப் பார்க்கும். ஒரே கனத்த கட்டையை நம்பாமல், மெல்லிய பலகைகளை அடுக்கடுக்காக ஒட்டி, மூலைகளில் ஒரு அடுக்கின் பலகை அடுத்த அடுக்கின்மேல் ஏறும்படி கோத்துவிடுகிறார்கள். பசை உலர்ந்தபின் அந்த மூலையைப் பிரிக்க முடியாது. விரல்களைக் கோத்துக்கொண்ட இரண்டு கைகள் மாதிரி.

என்னை மயக்குவது சக்கரம். வட்டமாக வெட்டிய பிளைவுட்டுகளை ஒன்றன்மேல் ஒன்று ஒட்டி, பேரிங் வைத்து, அது ஓடவேண்டிய அச்சிலேயே மாட்டுகிறார்கள். மோட்டாரை ஓடவிட்டு, சுழலும் விளிம்பில் உளியைப் பிடித்தால் மிச்சக் கோணல் சீவிக்கொண்டு போய்விடும். தான் சுற்றும் அச்சையே அளவாகக் கொண்டு சக்கரம் வட்டமாகிறது. கடைச்சல் இயந்திரம் தேவையில்லை. இதைவிட நேர்மையான துல்லியத்தை நான் எந்தக் கருவியிலும் கண்டதில்லை.

அந்த விளிம்பு தட்டையாக இருக்கக்கூடாது; நடுவில் இலேசான மேடு வேண்டும். பட்டை ஒருபக்கம் ஒதுங்கினால் சரிவில் சற்றே கோணிக்கொள்ளும். அந்தக் கோணலே அதை மறுபடி மேட்டை நோக்கி ஏற்றிவிடும். பழைய ஆலைகளில் தோல் பெல்ட் நழுவாமல் ஓடியதும் இதே மேட்டினால்தான். மேல்சக்கரத்தை ஒரு திருகால் துளி சாய்த்தால், நிமிடத்துக்கு 900 மீட்டர் வேகத்தில் ஓடுகிற பட்டை சொன்ன இடத்தில் நிற்கும். விளிம்பின்மேல் பல் மழுங்காதிருக்கப் போடுவது சைக்கிள் டியூப்!

பினாங்கின் ஈரக்காற்றுக்கு முழுப்பலகைச் சக்கரம் ஆகாது. இழையின் குறுக்கே உப்பி, வட்டம் முட்டையாகிவிடும். பிளைவுட்டில் அடுக்குக்கு அடுக்கு இழை திரும்பியிருப்பதால் அது அசையாது. சட்டத்துக்கு நான் ரப்பர் மரத்தைத்தான் சொல்வேன். நம் பாட்டன் பாட்டிமார் பால்வெட்டிய மரம் அது. பால் குறைந்ததும், ஏறத்தாழ 25, 30 வயதில் வெட்டுவார்கள். முன்பு விறகாகப் போனது, இன்று மலேசிய நாற்காலி மேசைகளாக உலகெங்கும் போகிறது. பச்சையாக விட்டால் பூஞ்சணமும் வண்டும் தின்றுவிடும். மருந்தேற்றிச் சூளையில் உலர்த்திய பலகையோ இழைப்புளிக்கு இணங்கும், பசையை நன்றாகப் பிடிக்கும். பால்வெட்டிகளின் பேரப்பிள்ளைகள் அந்தப் பலகையில் ஒரு ரம்பம் செய்துகொள்வதை நான் பெரிதும் விரும்புகிறேன்.

செய்யத் துணிகிறவர்களுக்கு: சட்டத்தில் சிக்கனம் பாருங்கள், பேரிங்கிலும் ரம்பப் பட்டையிலும் பார்க்காதீர்கள். இரண்டு சக்கரங்களுக்கும் மூடி போடாமல் மோட்டாரைத் தொடவேண்டாம்.