கண்டுபிடிப்பது வேறு, கழற்றுவது வேறு

நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு பக்கம் ஒற்றை லாரியை நம்பி வாழும் குடும்பங்கள் உண்டு. வண்டிக்கு வயதாகிவிட்டது, கடன் அடைந்துவிட்டது, செலவு மட்டும் நிற்கவில்லை. லோடு இல்லாத நாளில் வீட்டை ஒட்டிய காலியிடத்தில் வண்டியை நிறுத்தி, ஓட்டுபவரே ஸ்பேனரைக் கையில் எடுக்கிறார். இந்த வழக்கத்தைக் கொண்டாடுகிறவர்களும் சரி, பட்டறை வேலையைக் கெடுக்கும் அரைகுறைத்தனம் என்று ஒதுக்குகிறவர்களும் சரி, பழுதைக் கண்டுபிடிப்பதையும் பழுதை நீக்குவதையும் ஒரே வேலையாகப் பார்க்கிறார்கள். கண்டுபிடிக்க வீட்டைவிட நல்ல இடம் கிடையாது. நீக்குவதில் பாதி வேலை வீட்டில் நடக்கவே கூடாது என்பது என் கருத்து.

டாடா 1210, அசோக் லேலண்ட் காமெட் போன்ற வண்டிகளின் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் இல்லை, கம்ப்யூட்டர் இல்லை. செல்ஃப் எடுத்துவிட்டால் அப்புறம் பேட்டரிகூட அதற்குத் தேவையில்லை. காற்று, டீசல், கம்ப்ரஷன் மூன்றும் சரியாக இருந்தால் ஓடும். ஒன்று குறைந்தாலும் அது கண்ணுக்கும் காதுக்கும் மூக்கிற்கும் தெரிந்துவிடும். கரும்புகை என்றால் காற்று போதவில்லை, அல்லது டீசல் அதிகம். நீலப்புகை என்றால் இன்ஜின் ஆயில் எரிகிறது. பச்சை டீசல் நெடியோடு வெண்புகை வந்தால் டீசல் எரியாமலே வெளியேறுகிறது. விடியற்காலை முதல் ஸ்டார்ட்டில் சில நிமிடம் மட்டும் வந்து மறையும் வெண்புகையைப் பட்டறைக்காரர் பார்க்க வழியே இல்லை, ஏனென்றால் வண்டி அங்கே போய் நிற்கும்போது இன்ஜின் சூடாகியிருக்கும். அந்தச் சாட்சி வண்டிக்காரரிடம் மட்டுமே இருக்கிறது.

எந்த சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று பார்க்கும் பழைய முறையை எடுத்துக்கொள்ளலாம். இன்ஜினை ஐடிலில் ஓடவிட்டு, நாசில் பைப் நட்டை ஒவ்வொன்றாகக் கொஞ்சம் தளர்த்த வேண்டும். தளர்த்தியதும் இன்ஜின் சத்தம் மாறித் தடுமாறினால் அந்த சிலிண்டர் உழைத்துக்கொண்டிருந்தது என்று அர்த்தம். எந்த மாற்றமும் இல்லையென்றால் கோளாறு அங்கேதான். ஒரு ஸ்பேனரும் கவனமான காதும் போதும். காலையில் ஸ்டார்ட் ஆகி உடனே நின்றுபோகும் வண்டியும் இப்படித்தான். பெரும்பாலும் எங்கோ ஒரு காப்பர் வாஷர் தேய்ந்து பைப்புக்குள் காற்று நுழைந்திருக்கும்; இரவோடு இரவாக டீசல் டேங்குக்கே திரும்பியிருக்கும். வாஷரை மாற்றி, கைப்பம்பை அடித்து ஏர் எடுத்தால் வேலை முடிந்தது. இதற்கு டீசல் பம்பையே கழற்றச் சொன்ன பட்டறைகளும் உண்டு. மலிவான காரணத்திலிருந்து விலையுயர்ந்த காரணத்துக்குப் படிப்படியாகப் போகும் பொறுமை, அடுத்த வண்டி வரிசையில் நிற்காத இடத்தில்தான் வாய்க்கும்.

ஆனால் அடையாளத்தை மறைப்பதையே வைத்தியமாக எண்ணுவதும் இதே வாசலில்தான் நடக்கிறது. இன்ஜின் சூடேறுகிறதா, தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறி என்பது தலைமுறையாக வரும் அறிவுரை. பட்டறைகளுக்கும் இதில் பங்கு உண்டு. தெர்மோஸ்டாட் இல்லாத இன்ஜின் உரிய சூட்டை எட்டவே நேரமாகும். அதுவரை டீசல் முழுதாக எரியாது, எரியாதது சிலிண்டர் சுவர் வழியாக இறங்கி ஆயிலில் கலக்கும், லைனரும் ரிங்கும் வேகமாகத் தேயும். பைபாஸ் வழியைத் தெர்மோஸ்டாட்டே அடைக்கும் அமைப்புள்ள இன்ஜின்களில் நிலைமை இன்னும் மோசம். அதைக் கழற்றியபின் தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டருக்குப் போகாமலே சுற்றி வரும். எந்தச் சூட்டைக் குறைக்க எண்ணினாரோ, மலையேற்றத்தில் அதுவே கூடும். ரேடியேட்டர் அடைப்பு போன்ற உண்மையான காரணம் அப்படியே இருக்க, தெர்மோஸ்டாட்டைத் தூக்கியெறிவதை எந்தக் கணக்கில் சிக்கனம் என்பது?

டீசல் பம்பின் ஈய சீலை உடைப்பதும் இந்த ரகம்தான். வண்டி இழுக்கவில்லை என்றால் ஏர் ஃபில்டரைப் பார்க்காமல், பம்பில் டீசல் அளவைக் கட்டுப்படுத்தும் ஸ்க்ரூவைத் திருகிவிடுகிறார்கள். இழுவை கூடுவது உண்மை. கூடவே கரும்புகையும், பிஸ்டன் தலையே உருகும் அளவு சூடும் சேர்ந்து வரும். இன்லைன் பம்பில் பிளஞ்சருக்கும் பேரலுக்கும் உள்ள இடைவெளி சில மைக்ரான்தான். ஆறு பிளஞ்சர்களும் ஒரே அளவு டீசல் தருகின்றனவா என்பதைப் பம்ப் லேபின் டெஸ்ட் பெஞ்ச் அளந்து சொல்லும். கையால் தடவியோ புகையைப் பார்த்தோ சொல்ல முடியாது. வீட்டு வேலை அந்த ஈய சீலோடு நிற்க வேண்டும். இதில் நான் எந்தச் சலுகையும் தர மாட்டேன்.

உயிர் சம்பந்தப்பட்டதைச் சுருக்கமாகவே சொல்லலாம். ஸ்பிரிங் பிரேக் சேம்பருக்குள் அமுங்கிக் கிடக்கும் ஸ்பிரிங், கிளாம்பைக் கழற்றினால் ஆளைக் கொல்லும் விசையோடு வெளியே பாயும். முட்டுக் கொடுக்காமல் ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுப்பதும் அதே ஆபத்துதான். நாசிலைச் சோதிக்கும்போது பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். முதலில் வலியே பெரிதாக இருக்காது, ஆனால் உடனே அறுவைச் சிகிச்சை செய்யாவிட்டால் விரலோ கையோ போகலாம். வடித்த ஆயிலை வேலியோரம் ஊற்றுகிறவர்கள் தங்கள் கிணற்றையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

இப்போது இன்னொரு தலைமுறை வண்டிகளுக்கு வயதாகிறது. 2017 ஏப்ரலில் நாடு முழுவதும் பிஎஸ்-4 புகை விதி வந்தபோது, அசோக் லேலண்ட் ஐஇஜிஆர் என்ற முறையில் இன்லைன் பம்பை விடாமல் வைத்துக்கொண்டது. தெரிந்த பம்பை வண்டிக்காரர்கள் எவ்வளவு விரும்பினார்கள் என்பதற்கு அதுவே சாட்சி. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 வந்தபின் காமன் ரெயில்தான் பொதுவழி. பழைய நாசில் சுமார் 200 பாரில் திறக்கும். காமன் ரெயிலில் அழுத்தம் 1,600 பாருக்கும் மேலே போகிறது. அப்பாவிடம் கற்ற அதே நட்டு தளர்த்தும் சோதனையை மகன் இந்த இன்ஜினில் செய்தால் கையோ கண்ணோ போய்விடும். அதற்காக வீட்டுச் சோதனை முடிந்துபோனதாக நான் நினைக்கவில்லை. ஒவ்வொரு இன்ஜெக்டரிலிருந்தும் குறைந்த அழுத்தத்தில் திரும்பி வரும் டீசலைத் தனித்தனி பாட்டிலில் பிடித்து, அளவை ஒப்பிட்டால், எது கசிகிறது என்று தெரிந்துவிடும். கோளாறு குறியீட்டைப் படிக்கும் கருவியும் வண்டிக்காரர் கைக்கு எட்டும் விலைக்கு வந்துவிட்டது. ஐடிஐகளில் டீசல் மெக்கானிக் பிரிவும் இன்ஜின்களும் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தக் கூடங்களை லாரிக்காரர்களுக்குத் திறந்துவிட்டு, எந்தப் பைப்பில் கை வைக்கலாம், எதில் வைக்கக் கூடாது என்பதை வண்டியைக் காட்டியே சொல்லித்தரலாம்.