பைப் பேண்டில் எந்தக் குரல் கேட்க வேண்டும்?

சங்க மலரில் சிலம்பு, சிந்தாமணி என்று எழுதிவந்த அடியேன் இந்த முறை பைப் பேண்டைப் பற்றி எழுதப் புகுந்ததைக் கண்டு அன்பர்கள் சிரிக்கக்கூடும். காரணம் என் பேரன். ஒரு குடியரசு நாள் அணிவகுப்பில் அவனும் பேக்பைப் ஊதினான். ஊதியவர் 12 பேர். எடுத்துக்கொண்டது நம் எல்லோருக்கும் தெரிந்த மெட்டு. ஆனால் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர், "இது என்ன பாட்டுங்க?" என்று கேட்டார். எனக்கும் பிடிபடவில்லை. வீட்டுக்கு வந்து பேரனைக் கேட்டேன். "ஆறு பேர் மெயின், ஆறு பேர் செகண்ட். நான் செகண்ட், தாத்தா" என்றான். பிள்ளை மூன்று மாதம் மூச்சைக் கொடுத்துப் பழகியும் பாட்டு யாருக்கும் போய்ச் சேரவில்லை.

சரிபாதி பிரிப்பது நியாயம் என்று யாரோ நினைத்திருக்கிறார்கள். கடைத் தராசுக்கு அது நியாயம்தான். இசைத் தராசுக்கு அல்ல.

ஏன் என்றால், பேக்பைப்பில் மெல்ல ஊதுவது, ஓங்கி ஊதுவது என்ற பேச்சே கிடையாது. நாதசுர வித்துவான் மூச்சை அடக்கிக் குழைவார், எழுப்பி முழங்குவார். இங்கே பையின் அழுத்தம் ஒரே சீராக இருக்க வேண்டும். குறைந்தால் சுருதி கெடும். எனவே துணைக்குரலைத் தணிக்க ஒரே வழி, அதை ஊதும் ஆட்களைக் குறைப்பதுதான். 12 பேரில் ஒன்பது பேர் மெட்டுக்கு, மூன்று பேர் துணைக்கு என்றால் காதுக்கு இதமாக இருக்கும் என்பது அடியேன் கணக்கு.

அடுத்தது சுர எல்லை. அந்தக் குழலில் ஒன்பதே சுரங்கள். ஆதார ஷட்ஜத்துக்குக் கீழே ஒரு நிஷாதம். மேலே மேல் ஷட்ஜம் வரை. வரிசையாக ஊதிப் பார்த்தால் நம் அரிகாம்போதி! சிலப்பதிகாரத்துச் செம்பாலை அரிகாம்போதியே என்று இசை ஆய்வாளர் பலர் கூறுவர். ஸ்காட்லாந்து மலைநாட்டுக் குழலிலும் நம் பழந்தமிழ்ப் பாலையிலும் ஒரே சுர வரிசை இருப்பது வியப்பல்லவா? ஒவ்வொரு பேக்பைப்பிலும் மூன்று சுருதிக் குழல்கள் வேறு ஷட்ஜத்தை விடாமல் பிடிக்கின்றன. நம் ஒத்து செய்யும் வேலை அதுவே.

இங்கேதான் துணைக்குரல் எழுதுகிறவர் தவறுகிறார். மேலைநாட்டு வழக்கப்படி மெட்டுக்கு மூன்றாம் சுரத்தைக் கீழே வைக்கிறார். மெட்டு பஞ்சமத்தில் நின்றால் துணை காந்தாரம். ஷட்ஜ சுருதியோடு சேர்ந்து இனிக்கும். மெட்டு ரிஷபத்துக்கு இறங்கினால் துணை கீழ் நிஷாதம், சுருதியோடு முட்டும். மெட்டே ஷட்ஜத்துக்கு வந்துவிட்டால் கீழே வைக்கச் சுரமே இல்லை. உடனே துணையைத் தூக்கி மெட்டுக்கு மேலே போடுகிறார்கள். மேலே ஒலிப்பதையே காது மெட்டு என்று எடுத்துக்கொள்ளும். அன்று மைதானத்தில் நாங்கள் பாட்டைத் தொலைத்தது இப்படித்தான்.

நம் முன்னோர் இதை அறியாதவர் அல்லர். நரம்புகளின் உறவைச் சொல்லுமிடத்து ஐந்தாவதைக் கிளை என்றும், நான்காவதை நட்பு என்றும், மூன்றையும் ஆறையும் பகை என்றும் வகுத்தனர். பகை என்றவுடன் விலக்க வேண்டுவதில்லை. மேலே சொன்னபடி காந்தாரம் இனிக்கவும் செய்கிறது. ஆனால் எங்கே பகை நட்பாகிறது என்பதைச் சுருதியைக் கேட்டே முடிவு செய்ய வேண்டும். காகிதத்தைப் பார்த்து அல்ல. அரங்கேற்று காதையில் இளங்கோவடிகள் குழலின் வழியே யாழும், யாழின் வழியே தண்ணுமையும், அதன்பின் முழவும் நின்றதாகச் சொல்கிறார். ஒன்றன்வழி ஒன்று நின்றது. ஒன்றை ஒன்று மறைக்கவில்லை. சிந்தாமணியில் சீவகன் வாசிக்குமுன் யாழின் மரக்குற்றத்தைச் சோதிக்கிறான். நம் தீவின் ஈரக்காற்றில் சீவாளி ஊறி ஒவ்வொரு குழலும் ஒவ்வொரு சுருதி பேசும். அதைச் சரிசெய்யாமல் துணைக்குரல் சேர்ப்பது ஈரச்சுவரில் சுண்ணாம்பு அடிப்பது போல.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். கோயில் ஊர்வலத்தில் நாதசுரத்தையும் பைப் பேண்டையும் சேர்த்து ஊதவைக்கலாம் என்று சில அன்பர்கள் பேசுகிறார்கள். ஆசை நல்லது. ஆனால் நாதசுரம் இன்று பெரும்பாலும் இரண்டு, இரண்டரை கட்டையில் ஒலிக்கிறது. பேக்பைப் ஆறரை கட்டைக்கும் சற்று மேலே. இரண்டையும் ஒன்றாக விட்டால் முருகனே காதைப் பொத்திக்கொள்வார்! முறை வைத்து, இவர் ஓய்ந்ததும் அவர் ஊதட்டும்.

துணைக்குரல் வேண்டாம் என்று அடியேன் சொல்லவில்லை. 2024-ல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறிய நம் போர்ட் பிளேரில் பல மொழிக்காரரோடு சேர்ந்து வாழ்கிற நமக்குத் துணைக்குரலின் அருமை தெரியாதா? ஆயினும் பாட்டு எது என்று கேட்பவனுக்குத் தெரிய வேண்டும். பயிற்சி தரும் பெரியவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அணிவகுப்புக்கு முன் ஒருநாள் மைதானத்தின் கோடியில் போய் நின்று கேளுங்கள். அங்கே மெட்டு கேட்டால் பிள்ளைகளின் உழைப்பு வீண்போகவில்லை. கேட்காவிட்டால் துணையிலிருந்து இரண்டு பேரை மெட்டுக்கு மாற்றுங்கள். என் பேரனை முதலில் மாற்றினாலும் சரி.