ஒன்றா, இரண்டா, க்யூவா?

டர்போ சி காலத்திலிருந்து நம் கல்லூரி லேப்களில் வாழையடி வாழையாக வரும் ஒரு புரோகிராம் உண்டு. கறுப்புத் திரையில் '1. சேர்க்க, 2. நீக்க, 3. பார்க்க, க்யூ. வெளியேற' என்று ஒரு மெனு. பார்க்க சாதுவாக இருக்கும். 'க்யூ' தட்டிப் பாருங்கள். மெனு மறுபடி வரும், மறுபடி வரும், நிற்காமல் ஓடும். வெளியே போகிறேன் என்றால் பேயாட்டம்!

காரணம் எளிது. எண் மட்டும்தான் வாங்க வேண்டும் என்று 'ஸ்கேன்எஃப்'புக்கு உத்தரவு. வந்திருக்கும் எழுத்தை அது எட்டிப் பார்த்து, 'நம்ம ஆள் இல்லை' என்று வாசலிலேயே விட்டுவிடுகிறது. அடுத்த சுற்றிலும் அதே க்யூ, அதே வாசலில். சி++ இன்னும் ரோஷக்காரன். ஒரு தடவை எழுத்தைக் கொடுத்தால் கோபித்துக்கொள்ளும். 'க்ளியர்' சொல்லிச் சமாதானப்படுத்தி, தேங்கிய எழுத்தையும் அப்புறப்படுத்தும்வரை எதையும் வாங்காது.

இதற்கு லேப்களில் சொல்லித்தரும் வைத்தியம், 'எஃப்ஃப்ளஷ்'. உள்ளீட்டில் அதைப் பயன்படுத்தினால் என்ன ஆகும் என்று சி மொழியின் தர விதிகள் வரையறுக்கவே இல்லை. ஒரு கம்பைலரில் கேட்கும், இன்னொன்றில் கேட்காது. மந்திரித்த கயிறு மாதிரி.

இன்னும் சிலர் 'ஏ-டு-ஐ' போட்டு எழுத்தை எண்ணாக மாற்றுகிறார்கள். எண்ணே இல்லாத எதைக் கொடுத்தாலும் அது 0 என்று பதில் சொல்லும். மெனுவில் '0. வெளியேற' இருந்துவிட்டால் போச்சு. கைதவறி 'எக்ஸ்' தட்டியவர் சொல்லாமல் கொள்ளாமல் தெருவில்!

என்னைக் கேட்டால், இந்தப் புத்தகங்கள் ஆரம்பத்திலேயே தடம் மாறிவிடுகின்றன. மெனுவில் இருக்கும் 1 எண்ணே அல்ல, பெயர். 29சி பஸ்ஸை யாராவது இரண்டால் வகுக்கிறார்களா? தட்டியதை முழு வரியாக 'எஃப்கெட்ஸ்'ஸில் வாங்குங்கள், கடைசி என்டரை வெட்டுங்கள், பெரிய எழுத்தைச் சின்னதாக்குங்கள். அப்புறம் '1'ஆ, '2'ஆ, 'க்யூ'வா என்று ஒப்பிடுங்கள். அவ்வளவுதான் சார். ஒற்றை எழுத்தாக வாங்கினால் பத்தாவது அயிட்டம் ஒன்றாவதாகிவிடும். மிச்சமிருக்கும் என்டர், அடுத்த கேள்விக்குப் பதிலாகப் போய் நிற்கும்.

பைத்தான் 3-ல் 'இன்புட்' எப்போதும் எழுத்தாகவே தருகிறது. வரம்தான். அதை வாங்கிய கையோடு 'இன்ட்'டுக்குள் திணித்து, 'க்யூ' வந்ததும் புரோகிராமைக் கவிழ்ப்பவர்களை என்ன சொல்ல?

அப்படியே, மெனுவில் 0 இருந்தால் பக்கத்தில் 'ஓ'வையும், 1 இருந்தால் 'எல்'லையும் வைக்காதீர்கள். கண்ணாடி போட்டவர்கள் திட்டுவார்கள்.